அண்ணாந்து செய்யும் வேலை

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் ஒரு தனிப்பெயர் உண்டு. அப்பெயரைத் தேடித் தந்தது மண் மட்டுமன்று, காற்றுமாகும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்ட காற்றாக மலையைக் கடந்து, அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றில் கொழுந்துக்கு ஏறும் மணத்தை எதிர்பார்த்துக் கொழும்பு ஏலத்தில் வணிகர் காத்திருப்பர். அதே காற்று தோட்டத்தில் ஒருவனுக்குப் பெரும் பகையாக இருக்கிறது என்பதை நாம் அறிந்தது மிகவும் பிந்தித்தான். அவன், தேயிலைத் தொழிற்சாலையில் இரும்பைப் பற்றவைக்கும் தொழிலாளி.

பதுளையை அடுத்த ஒரு தோட்டப் பாடசாலையில் பல்லாண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தோம். கரும்பலகையில் புவியீர்ப்புக்கு அம்புக்குறி கீறினோம். மேற்பரப்பிழுவிசைக்கு வரைவிலக்கணம் சொல்லி எழுதுவித்தோம். அவ்வகுப்பில் கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் சித்தியடையவில்லை. ஆசிரியர் அறையில் அவனைப் பற்றிய பேச்சு வந்தபோது, "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்றோம். அதைச் சொன்னவர் நாமே, வேறு யாருமல்லர். அந்த ஒரு வசனத்துக்குக் கணக்குத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

சில ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் பதுளைப் பேருந்து நிலையத்தில் அவன் எதிர்ப்பட்டான். மணிக்கட்டுகளிலும் கழுத்திலும் நெருப்புப் பட்ட சிறு வடுக்கள். "சேர், ஒரு ஞாயித்துக்கெழமை ஸ்டோருக்கு வாங்க. நான் என்ன வேல செய்றேன்னு பாருங்க" என்றான். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்றே சொல்வர். ஊவாக் காற்றின் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருந்தன. அதற்குள் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தட்டுகளைச் செப்பனிட்டாக வேண்டும் என்பது நிர்வாகத்தின் கட்டளை. அன்று கொழுந்து வரவில்லை, சுழல்விசிறிகள் ஓய்ந்திருந்தன. நாம் மாடிப்படி ஏறிச் சென்றோம்.

வாட்டும் தட்டு என்பது ஆறடி அகலமும் மாடியின் நீளத்துக்கு ஏற்ற நீளமும் கொண்ட ஒரு பெரிய கட்டில் போன்றது. மேலே வலை, வலையின்மீது பச்சைக் கொழுந்து. வலைக்குக் கீழே மூடிய அறை. ஒரு முனையில் உள்ள விசிறி அவ்வறைக்குள் காற்றைச் செலுத்த, அது வலையூடாக மேலெழுந்து கொழுந்தின் ஈரத்தை வாங்கிச் செல்லும். பறித்த கொழுந்தின் நிறையில் நான்கில் மூன்று பங்கு அல்லது அதற்கும் மேலாக நீரே இருக்கிறது. அந்த ஈரம் ஆண்டுக்கணக்காக ஏறி, வலையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களைக் கீழ்ப்பக்கத்தில் அரித்துவிட்டிருந்தது. கொழுந்து கிடக்கும் மேற்பக்கத்தை யாரும் பார்ப்பர். துருப்பிடித்த கீழ்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால், மூன்றடி உயரமும் இல்லாத அந்த அறைக்குள் மல்லாந்து ஊர்ந்துதான் போகவேண்டும். நம் மாணவன் அப்படித்தான் போனான். அவன் முகத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இரும்பு. அந்த இரும்பில்தான் நெருப்பை மூட்ட வேண்டும்.

இவ்விடத்தில் அவனுடைய கருவியைப் பற்றிச் சொல்வது அவசியமாகும். மின்வில்லின் வெப்பத்தால் உலோகத்தை உருக்கி இணைக்கும் கலையைத் தொடக்கத்தில் வளர்த்தவர்களுள் ரஷ்யர் இருவர் முக்கியமானவர்கள். பெனார்டோஸ் 1881இல் கரிக்கோலைக் கொண்டும், ஸ்லாவியானொவ் 1888இல் தானே உருகி இணைப்பில் கலந்துவிடும் உலோகக் கோலைக் கொண்டும் அதைச் செய்து காட்டினர். இன்று பட்டறைகளில் 'மிக்' என வழங்கும் முறையில் கோலுக்குப் பதிலாக மெல்லிய கம்பி ஒரு சுருளிலிருந்து இடையறாது பாய்ந்து வருகிறது. உருகிய உலோகத்தை வெளிக்காற்று தீண்டிக் கெடுக்காதபடி அதனைச் சுற்றி ஒரு வாயு போர்வையாக நிற்கிறது. 1948இல் அமெரிக்காவில் உருவான இம்முறை விலையுயர்ந்த ஆர்கன் போன்ற வாயுக்களை நம்பியிருந்தது. 1953இல் சோவியத் நாட்டின் லியுபாவ்ஸ்கி, நொவோஷீலொவ் என்னும் இருவர், மலிவான காபனீரொட்சைட்டைக் கொண்டே உருக்கை இவ்வாறு இணைக்கலாம் என்று காட்டினர். ஏழைப் பட்டறைக்கும் அக்கலை எட்டியது. பின்னர் 1958, 1959ஆம் ஆண்டளவில், மெல்லிய கம்பியும் குறைந்த மின்னழுத்தமும் கொண்டு, கம்பி நொடிக்குப் பல பத்து முறை இரும்பைத் தொட்டுத் தொட்டு உருகும் முறை வந்தது. மெல்லிய தகட்டையும், எந்த நிலையில் நிற்கும் இரும்பையும் ஓட்டை விழாமல் இணைக்க வழி பிறந்தது அதனால்தான்.

1948 என்னும் ஆண்டு மலையகத் தமிழருக்கு வேறொரு காரணத்தால் மறக்க முடியாதது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உலகின் ஒரு மூலையில் இரும்பை இரும்போடு இணைக்கப் புதுவழி கண்ட ஆண்டில், இங்கே மனிதரை நாட்டிலிருந்து பிரித்தெறியச் சட்டம் செய்தனர். நம் மாணவன் படித்த தொழிலின் கதையும் அந்தப் பிரிவினையோடு சம்பந்தப்பட்டது. அந்த ஸ்டோரில் முதன்முதல் பற்றவைக்கும் வேலை செய்த முதியவர், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். போவதற்கு முன் தம் கைவேலையை ஓர் இளைஞருக்குப் பழக்கிவிட்டுப் போனார். அந்த இளைஞர் முதியவரானபின் நம் மாணவனுக்குப் பழக்கினார். தோட்டம் வெள்ளையர் கம்பனியிடமிருந்து 1975இல் அரசுக்கும், 1992இல் மீண்டும் கம்பனி நிர்வாகத்துக்கும் கைமாறியது. கைமாறாமல் கையோடு கைசேர்ந்து வந்தது இந்த வித்தை ஒன்றே. அதை எழுதிவைத்தவர் எவருமில்லை.

இனி அந்த வித்தையைச் சொல்வோம்.

தரையில் கிடக்கும் இரும்பைப் பற்றவைக்கும்போது புவியீர்ப்பு தொழிலாளிக்குத் துணை. உருகிய உலோகம் தானாகவே இணைப்பின் பள்ளத்தில் அமரும். தலைக்கு மேலே அதே வேலையைச் செய்யும்போது துணைவன் பகைவனாகிறான். உருகிய இரும்பு கீழே விழவே விரும்பும். கீழே இருப்பது மனிதனின் முகம். அப்படியிருக்க அது ஏன் விழுவதில்லை? இக்கேள்வியை நாம் கேட்டோம். மாணவன் விடை சொன்னான்.

"சேர், நம்ம லயத்துத் தகரத்துல விடியக்காலையில தண்ணி கோத்துத் தொங்குமே, தெரியுந்தானே? சின்னச் சொட்டா இருக்க வரைக்கும் விழாது. ரெண்டு சொட்டு ஒண்ணாச் சேந்தா மூஞ்சியில விழும். இந்த வேலையும் அம்புட்டுத்தான். குளத்தப் பெருக்க விடப்படாது."

மேற்பரப்பிழுவிசையை நாம் எத்தனையோ ஆண்டுகள் கற்பித்திருக்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், குளிர்ந்த தகரத்தின் கீழ், முகத்தில் சொட்டு விழுந்து கண்விழித்த பிள்ளைகளே எம் முன்னால் இருந்தனர். அந்தச் சொட்டை நாம் ஒருமுறையேனும் பாடத்துக்குள் அழைத்தோமில்லை. புத்தகத்திலிருந்த படத்தையே கீறினோம். படிப்பு ஏறாதது யாருக்கு?

குளம் என்று அவன் சொன்னது உருகிய உலோகத்தின் சிறு தேக்கத்தை. அது சிறியதாகவும் விரைவில் உறைவதாகவும் இருக்கும்வரை மேற்பரப்பிழுவிசையும் மின்வில்லின் உந்துதலும் அதை மேலே பிடித்து வைத்திருக்கும். அதற்காகவே மின்னழுத்தத்தையும் கம்பி பாயும் வேகத்தையும் தரைவேலைக்கு வைப்பதிலும் சற்றுக் குறைக்கிறான். 0.8 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதினேழு, பதினெட்டு வோல்ட் அளவில் தொடங்கி, முதலில் ஒரு கழிவுத் துண்டை அதே நிலையில் மேலே பொருத்திச் சோதித்துக்கொள்கிறான். சரியான அளவைக் கண் அறியுமுன் காது அறியும். தாளிக்கும் சட்டியில் கடுகு இடைவிடாது வெடிப்பதுபோல ஒரே சீரான ஓசை வரவேண்டும். இடையிடையே பெருஞ்சத்தத்தோடு தெறித்தால் எங்கோ பிசகு. கீழே உருளை இயந்திரத்தின் மோட்டரை யாரேனும் இயக்கினால் மின்னழுத்தம் ஒரு கணம் தாழும். அந்த ஓசையும் மாறும். அந்தக் கணத்தில் அவன் கையை எடுத்துவிடுவான்.

கம்பி குழாய்முனையிலிருந்து வெளியே நீளும் தூரம் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மேல் போகக்கூடாது. கைப்பிடியை இரும்புக்கு ஏறத்தாழ நேர்குத்தாகப் பிடித்து, போகும் திசையில் மிகச் சிறிதளவே சாய்க்க வேண்டும். அகலமாக ஆட்டி ஆட்டிப் பூசினால் குளம் பெருத்து நடுவில் தொங்கிவிடும். ஆதலால் ஒடுங்கிய நேர்க்கோடுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கவேண்டும். தயங்கி ஓரிடத்தில் நின்றால் சொட்டும். பயந்து ஓடினால் இரும்பில் பிடிக்காமல் மேலே கயிறுபோல் படியும். மின்வில் குளத்தின் முன்விளிம்பிலேயே நிற்கவேண்டும்.

இவை யாவும் கைக்குரியவை. "மொதல்ல ஒடம்ப வைக்கணும் சேர், அப்புறந்தான் நெருப்ப வைக்கணும்" என்றான். மல்லாந்து கிடந்தாலும் குளத்துக்கு நேர்கீழே முகம் இராதபடி தலையை ஒரு பக்கம் விலக்கி வைத்தான். முழங்கையைச் சட்டத்தில் ஊன்றினான். கைப்பிடியின் பாரமான கம்பிக்குழாய் கையை இழுக்காதபடி தோளின்மேல் எடுத்துவிட்டான். பிறகு நெருப்பில்லாமல் ஒருமுறை தொடக்கம் முதல் முடிவுவரை கையை ஓட்டிப் பார்த்தான். எங்கே கை முட்டுகிறது, எங்கே மணிக்கட்டு திரும்ப மறுக்கிறது என்று அறிந்தபின் இடத்தை மாற்றிப் படுத்தான். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டி, தலையில் பருத்தித் துணி கட்டி, காதுகளையும் அடைத்துக்கொண்டான். அண்ணாந்திருப்பவனின் காதுக்குள் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவனுடைய குரு தம் ஒரு காதின் கேள்வியைக் கொடுத்துக் கற்றிருந்தார். நைலோன் கலந்த துணி அணியக்கூடாது. அது உருகித் தோலோடு ஒட்டும்.

தெறிக்கும் பொறிகள் முகத்துக்கு மட்டுமன்றிக் கருவியின் வாய்க்கும் கேடு. மேல்நோக்கிய வாய்க்குள் அவை விழுந்து அடைத்தால் வாயு சீராக வராது. பற்றவைப்புக்குள் புழு அரித்ததுபோல் துளைகள் விழும். ஆகவே சில அங்குல வேலைக்கு ஒருமுறை வாயைச் சுரண்டித் துடைக்க வேண்டும். நாமாக இருந்தால் பொறுமை இழந்திருப்போம்.

இங்கேதான் ஊவாக் காற்று குறுக்கிடுகிறது. சாளரங்களால் புகும் காற்றே கொழுந்தை வாட்டி மணம் ஏற்றுகிறது. அது குளத்தின் மேலிருக்கும் வாயுப் போர்வையையும் கலைத்துவிடும். வாயுவைக் கூடுதலாகத் திறந்துவிட்டால் போதாதா என்று கேட்டோம். போதாது, அளவு மீறினால் வாயு சுழித்து வெளிக்காற்றைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து லீற்றர் போதும். காற்றைத் தடுப்பதே வழி. எனவே அவன் காற்று வரும் பக்கத்தைத் தகட்டால் மறைத்தான். ஆனால் மறைத்த அறைக்குள் கிடப்பவன் எதை மூச்சுவிடுவது? காபனீரொட்சைட்டு காற்றிலும் பாரமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். நாகம் பூசிய தகடாயின் அதன் புகை இரவில் காய்ச்சலும் நடுக்கமும் தரும். பூச்சை முன்னரே தேய்த்து நீக்கவேண்டும். வேலைக்குக் காற்று ஆகாது. உயிருக்குக் காற்று வேண்டும். இந்த முரண்பாட்டுக்கு அவன் கண்ட தீர்வு எளியது. அறையின் மறுமுனையில் ஒரு சிறு விசிறியைத் திருப்பி வைத்துப் புகையை மெல்ல வெளியே இழுக்கச் செய்தான். தன் பக்கம் வீசச் செய்யவில்லை. வெளியே ஒருவரைக் காவலுக்கும், ஒரு வாளித் தண்ணீரைத் தீக்கும் வைத்தான். உலர்ந்த தேயிலைத் தூசி படிந்த கட்டடத்தில் ஒரு பொறி போதும்.

மாடி வேலை முடிந்தபின் உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் சென்றோம். சூடான காற்றைக் கொண்டுசெல்லும் தகட்டுக் குழாய் சுவரை ஒட்டி நின்றது. சுவருக்கும் குழாய்க்கும் இடையே ஒரு கைதான் நுழையும். வெடிப்பு அந்தப் பக்கத்தில். வேலையின் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாதபடியால், ஒரு சிறு கண்ணாடியைக் கட்டிவைத்து அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு இடக்கையால் பற்றவைத்தான். மெல்லிய தகடானபடியால் மேலிருந்து கீழாக விரைந்து இறங்கினான். தடித்த சட்டமாயின் கீழிருந்து மேலாக ஏறவேண்டும், அப்போதுதான் உள்ளே இறங்கிப் பிடிக்கும் என்று விளக்கினான். ஆடியில் இடவலம் மாறும் என்பதும் நாம் அவனுக்குக் கற்பித்த பாடமே. அவன் கை அதனை அறிந்திருந்தது.

நாமும் ஒரு கழிவுத் துண்டில் முயன்றோம். முதற் சொட்டே கையுறையில் விழுந்தது. இரண்டு நிமிடத்தில் கழுத்து நோவெடுத்தது. அவன் சிரிக்கவில்லை. "பயப்படாம மெதுவா, ஆனா நிக்காம போங்க சேர்" என்று, நாம் ஒருகாலும் அவனிடம் பேசியிராத பொறுமையோடு சொன்னான்.

பதுளைப் பாதையில் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகெங்கும் இருந்து மக்கள் வருகின்றனர். கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆன அப்பாலம் தன் பாரத்தாலேயே இறுகி நிற்கிறது. பாரத்தோடு இசைந்து நிற்கும் அந்த வேலையை வியப்பவர் அநேகர். பாரத்தை எதிர்த்து இருட்டறையில் மல்லாந்து செய்யப்படும் வேலையை வியக்க அங்கே நாம் ஒருவரே இருந்தோம்.

அவ்வேலைக்குத் தோட்டத்துப் பதிவேட்டில் என்ன பெயர் தெரியுமா? 'ஸ்டோர் உதவியாள்'. அதற்குரிய நாட்சம்பளமே அவனுக்கு. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபாவைத் தொடுவதற்குப் பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. 2021இலேயே அது வந்தது. ஊசிமுனை பிசகாத கைக்கும் அதே கணக்குத்தான். வெளியிலிருந்து வருவிக்கப்படும் பாஸ் ஒருவருக்கு ஒரு நாளுக்குக் கொடுப்பதை இவனுக்குப் பல நாளுக்கும் கொடுப்பதில்லை. கேட்டால், "சான்றிதழ் எங்கே?" என்பது மறுமொழி. கொழும்புப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை கேட்டபோதும் அதே கேள்விதான். கையைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

சான்றிதழ் பெற வழி இல்லாமலில்லை. தேசிய தொழிற்றகைமை என்னும் முறையில், வகுப்புக்குப் போகாது வேலையிலேயே கற்றவரைச் சோதித்துத் தகைமை வழங்கும் ஏற்பாடு உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படியொன்று உண்டென்று லயத்துக்கு வந்து சொன்னவர் யார்? நாமும் சொன்னோமில்லை. நமக்கும் தெரியாதிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஒருவனின் விண்ணப்பத்தைப் பத்து முறை திருத்துவோம். போகாத நாற்பது பேருக்கு என்ன விண்ணப்பம் உண்டென்று நாம் தேடியதில்லை. இது நிர்வாகத்தின் குற்றம் மட்டுமன்று. எங்கள் வகுப்பறையின் குற்றமுமாகும்.

அந்த விண்ணப்பத்துக்கு, செய்த வேலைகளின் விவரம் எழுதவேண்டியிருந்தது. ஓர் இரவு எம் வீட்டு மேசையில் இருவரும் அமர்ந்தோம். அவன் சொன்னான், நாம் எழுதினோம். வாட்டும் தட்டின் கீழ்ச்சட்டம், உலர்த்தும் இயந்திரத்தின் குழாய், போறணையின் கதவு, கூரைத் தாங்கியின் முறிந்த மூட்டு என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக, எம் பேனை பலமுறை நின்றது. எம்மிடம் சொற்கள் இருக்கவில்லை. சில இடங்களில் அவன் சொன்ன பட்டறைச் சொல்லையே எழுதினோம். சிலவற்றுக்கு அவன் கையால் காட்டினான், நாம் படம் கீறினோம். வகுப்பில் ஒரு பக்கமும் நிரப்பாதவன் அன்று பதினொரு பக்கம் சொல்லி முடித்தான்.

சோதனைக்குப் போனான், தேறினான். அவன் பெயர் பொறித்த தாளை எம்மிடம் கொண்டுவந்து காட்டினான். தோட்டத்துப் பதிவேட்டில் அவன் இன்னும் உதவியாளே. அதைத் திருத்தக் கேட்டுத் தொழிலாளர் கூடிக் கடிதம் கொடுத்திருக்கின்றனர். அக்கடிதத்தில் அவன் பெயர் மட்டுமில்லை. உருளைகளைச் சீர்செய்பவர், மின்கம்பி பழுது பார்ப்பவர், போறணை காப்பவர் என்று தொழில்தெரிந்தும் உதவியாளராகவே எழுதப்பட்ட எல்லாருடைய பெயரும் உண்டு. ஊவாவுக்கு இது புதிதன்று. 1940இல் வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே தேர்ந்த குழுவோடு கலந்து நடக்கத் துரையை இணங்கவைத்த வரலாறு இப்பதுளை மாவட்டத்தினது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் எம் வேண்டுகோள் சிறியது. உங்கள் ஊரிலும் ஒரு பட்டறை இருக்கும். ஒரு விடுமுறை நாளில் அங்கே போங்கள். கேட்டு எழுதுங்கள். இத்தொழில்களுக்கு மலையகத் தமிழில் ஒரு கைந்நூல் வேண்டும். அதைப் பல்கலைக்கழகம் வரும்வரை காத்திராமல் நாமே தொடங்கலாம். எம் பதினொரு பக்கங்களை முதற்பக்கங்களாகத் தரச் சித்தமாயிருக்கின்றோம். ஓய்வு பெறுமுன் எஞ்சிய நாட்களில் மேற்பரப்பிழுவிசைப் பாடத்தை மாற்றிக்கொண்டோம். இப்போது அது லயத்துத் தகரத்தின் கீழே தொங்கும் ஒரு சொட்டில் தொடங்குகிறது. கடைசி வாங்கில் இருப்பவர்களும் கை உயர்த்துகின்றனர்.